எடைமேடையைப் பிரெயில் கருவி என்று எண்ணிய கணினி

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகும் சாலையோரம் ஓர் எடைமேடை இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் அங்கே மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலும் தோத்தாபுரி; எங்கள் பக்கத்தில் பெங்களூரா என்போம், கிளிமூக்கு என்பவர்களும் உண்டு. எல்லாம் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் சரக்கு. காயோடு ஒரு முறை, காலி வண்டியாக ஒரு முறை மேடையேற்றி, வித்தியாசத்துக்குத்தான் பணம். சீட்டு அச்சாகவில்லை என்றால் எதுவும் நகராது.

2023 மே மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மேடையின் உரிமையாளர் போன் செய்தார். "தம்பி, ஏழு வண்டி நிற்கிறது. பெட்டியில் எடை தெரிகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை."

அந்தக் கணினியை அங்கே வைத்தது நான்தான், அதுவும் முந்தின நாள் மாலை. ஆகவே இது அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்த கதை அல்ல.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பதிலுக்குக் கொடுத்த கணினியில் ஒன்பது முள் சீரியல் துளை கிடையாது. இப்போது வருகிற எதிலும் அநேகமாக இல்லை. மேடைக்கு அடியில் இருந்து எடையை உணரும் லோடு செல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் பெட்டியோ சீரியல் வழியாகத்தான் பேசும். முத்திரை ஆய்வாளர் முத்திரையிட்டுச் சென்ற பெட்டி என்பதால் அதை நான் திறப்பதில்லை, மாற்றுவதும் இல்லை. இடையில் யூஎஸ்பி சீரியல் மாற்றி கேபிள் ஒன்று போட்டால் போதும். இயங்குதளமாக, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 ஏற்றியிருந்தேன். சீட்டு அச்சிடும் நிரல் நானே எழுதியது. கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகில் உள்ள என் கடையில் அதே கணினியை இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு பிசிறும் இல்லை. ஆனால் கடையில் சோதித்த கேபிள் என்னுடையது. மேடையில் பொருத்தியது கடைத்தெருவில் 200 ரூபாய்க்கு வாங்கிய வேறொன்று. மாலையில் இருட்டிவிட்டதால் கணினி திறக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தேடக் கூடாத இடங்களில் தேடியது

போய்ப் பார்த்தபோது பெட்டியில் 10740 என்று சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன. திரையில் என் நிரல், சீரியல் துளையைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. இது எனக்குப் பழகிய வாசகம். லினக்ஸில் சீரியல் துளையைத் தொடுவதற்குப் பயனர் ஒரு குறிப்பிட்ட குழுவில் இருக்க வேண்டும். புதிதாக ஏற்றிய கணினியில் இதை மறப்பது வழக்கம். குழுவில் சேர்த்தேன், வெளியேறி உள்ளே வந்தேன். அதே வாசகம்.

திரையில் இருந்ததை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. அனுமதி இல்லை என்று கணினி சொல்லவே இல்லை. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொன்னது. முதலாவது, பூட்டிய கதவு. இரண்டாவது, கதவே இல்லாத சுவர். சாவி தேடி அரை மணி நேரம் போனது.

அடுத்துக் கேபிள் மேல் சந்தேகம். வேறு துளையில் செருகினேன். மின்சாரம் போதவில்லையோ என்று பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். ஓட்டுநர்களில் ஒருவர் ஜன்னலருகே வந்து, கையால் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. உரிமையாளர் அப்படியே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தொடங்கினார். எனக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது.

அந்தக் கேபிளை என் மடிக்கணினியில் செருகினேன். அதில் விண்டோஸ். சற்று நேரத்தில் ஒரு காம் துளை எண் கொடுத்து, எடையை வரிவரியாகக் கொட்டத் தொடங்கிவிட்டது. கேபிள் நல்ல கேபிள், பெட்டி நல்ல பெட்டி. ஆக, கோளாறு கணினிக்குள்ளே, அதாவது என் வேலையில்.

இனி ஊகம் வேண்டாம் என்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தன் போக்கில் எழுதும் பதிவேட்டைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டு கேபிளை மீண்டும் செருகினேன். புதிய யூஎஸ்பி சாதனம் வந்தது என்றது. தயாரிப்பாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523 என்றது. சிஎச்341 இயக்கி, அதாவது சாதனத்தோடு பேசும் மென்பொருள், பொருந்தியது, சீரியல் துளை பூஜ்யம் உருவானது என்றது. கண்ணிமைத்தால் இன்னும் இரண்டு வரி. இந்தச் சாதனத்தின் இடைமுகம் சிஎச்341 இயக்கியின் கையில் இருக்கும்போதே 'பிஆர்எல்டிடிஒய்' என்ற நிரல் சாதனத்தின் அமைப்பை மாற்றுகிறது என்பது ஒன்று. மாற்றி துண்டிக்கப்பட்டது என்பது மற்றொன்று.

துளை பிறந்திருக்கிறது, ஒரு நொடி இருந்திருக்கிறது, ஒருவர் வந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் பார்த்த ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடி முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன்.

கணினி எப்படி ஆளை அடையாளம் காண்கிறது

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மென்பொருள் டிரைவரை இயக்கி என்றும் லாரி டிரைவரை ஓட்டுநர் என்றும் எழுதுகிறேன். எடைமேடையில் இரண்டு வகையும் உண்டு என்பதால் குழம்பாமல் இருக்கட்டும்.

பழைய சீரியல் கம்பிக்கு அறிமுகம் செய்துகொள்ளத் தெரியாது. 1960-இல் வந்த ஆர்எஸ்-232 தரம் அது. எந்த முள்ளில் எந்தச் சமிக்ஞை, எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்லும். மறுமுனையில் இருப்பது எடைப்பெட்டியா, மோடமா என்று கேட்க அதில் வழியில்லை. சொல்ல வேண்டியது மனிதர்தான்.

யூஎஸ்பி அப்படியல்ல. கேபிளைச் செருகியதும் உள்ளே இருக்கும் 1.5 கிலோஓம் மின்தடை ஒன்று இரண்டு தகவல் கம்பிகளில் ஒன்றை மேலே இழுக்கிறது. யாரோ வந்திருக்கிறார் என்று கணினிக்குத் தெரிவது அதனால்தான். எந்தக் கம்பி என்பதிலிருந்து வேகமும் தெரிகிறது. கணினி அந்தத் துளையை ஒருமுறை மீட்டமைத்து, பூஜ்யம் என்ற பொது முகவரியில் பேசத் தொடங்கி, 1 முதல் 127 வரை ஒரு தனி முகவரி கொடுக்கிறது. பிறகு கேட்கிறது: நீ யார்? பதிலாக 18 பைட்டுகள் வருகின்றன. தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு எண், வகுப்பு எண் எல்லாம் அதற்குள் அடக்கம். தயாரிப்பாளர் எண்ணை யூஎஸ்பி அமைப்பிடம் பணம் கட்டி வாங்க வேண்டும். பொருள் எண்ணைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்வார். இரண்டும் 16 பிட் எண்கள். பதினாறடிமான முறையில் எழுதுவதால்தான் 1ஏ86 என்று எண்ணுக்கு நடுவில் எழுத்து வருகிறது.

பென்டிரைவ் செருகினால் யாரும் எதையும் ஏற்ற வேண்டியதில்லையே, ஏன்? அதன் வகுப்பு எண் 08, சேமிப்புச் சாதனம். யார் செய்திருந்தாலும் பேச்சுமொழி ஒன்றே என்பதால் ஒரே இயக்கி போதும். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் 03. ஆனால் என் கேபிளுக்குள் இருந்த சிப்பு, வகுப்பு எண்ணாக எஃப்எஃப் என்று சொல்கிறது. தயாரிப்பாளரின் சொந்த மொழி, பொது இயக்கிக்குப் புரியாது என்று பொருள். அப்போது நம்புவதற்கு மீதி இருப்பது அந்த இரண்டு எண்கள்தான்.

லினக்ஸில் ஒவ்வொரு இயக்கியும் தான் பார்த்துக்கொள்ளும் எண்களின் பட்டியலைத் தனக்குள்ளேயே சுமந்திருக்கிறது. இயக்கிகளை நிறுவும்போது அந்தப் பட்டியல்களையெல்லாம் திரட்டி ஒரே கோப்பாக எழுதி வைத்துவிடுகிறார்கள். சாதனம் வந்ததும் கெர்னல் அதன் எண்களை ஒரு நீளமான வரியாகக் கோத்து அறிவிக்கிறது. யூடெவ் என்ற ஏவலாள் அந்த வரியை எடுத்துக்கொண்டு கோப்பில் தேடி, பொருந்தும் இயக்கியை ஏற்றச் சொல்கிறான். 1ஏ86, 7523 என்றால் சிஎச்341. பதிப்பும் வகுப்பும் எதுவாக இருந்தாலும் சரி என்று அந்த இடங்களில் நட்சத்திரக் குறி போட்டிருக்கும்.

விண்டோஸிலும் கதை இதேதான், கணக்குதான் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு இயக்கியோடும் வரும் ஐஎன்எஃப் கோப்பில் எண்கள் இருக்கும். பதிப்பு எண் வரை முழுதாகப் பொருந்துவது, தயாரிப்பாளரும் பொருளும் மட்டும் பொருந்துவது, வெறும் வகுப்பு மட்டும் பொருந்துவது என்று தரவரிசை உண்டு. கையொப்பம் இட்ட இயக்கியா என்பதையும் சேர்த்து மதிப்பெண் போட்டு, மிகக் குறைந்த எண் பெற்றதைத் தேர்ந்தெடுக்கும். ஓட்டப்பந்தயம் மாதிரி, குறைந்த எண்தான் முதலிடம்.

இதில் எங்கேயும் 'எடைமேடை' என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரே எண், பல வீடு

1ஏ86 என்பது சீனாவின் நாஞ்சிங் நகரத்தில் உள்ள சின்ஹெங் நிறுவனத்தின் எண். 7523 என்பது அவர்களுடைய சிஎச்340 என்ற சிப்பு; சிஎச்341 இயக்கிதான் இதையும் பார்த்துக்கொள்கிறது. அதை வாங்கிக் கேபிளுக்குள் வைப்பவர், மின்னணு பயிற்சிப் பலகையில் வைப்பவர், மருத்துவக் கருவியில் வைப்பவர் என்று ஆயிரம் பேர் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் எண்ணை மாற்றுவதில்லை. மாற்ற வேண்டுமென்றால் சொந்தமாகத் தயாரிப்பாளர் எண் வாங்க வேண்டும். 200 ரூபாய்க் கேபிளுக்கு அது கட்டாது.

மாங்காய் மண்டியில் காய் அடுக்கும் பெட்டிகளான கிரேடுகளைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் கிரேடின் பக்கவாட்டில் ஏதோ ஒரு மண்டியின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கும். அந்தக் கிரேடு ஊர் சுற்றி வேறு மண்டிக்கு வந்திருக்கும், உள்ளே மூன்றாவது ஒருவரின் தோட்டத்துக் காய் இருக்கும். பெயர் கிரேடுக்குச் சொந்தமானது. காயைப் பற்றி அது எதுவும் சொல்லாது. யூஎஸ்பி எண்ணும் அந்தப் பெயரைப் போலத்தான்.

இப்போது அந்த 'பிஆர்எல்டிடிஒய்' யார் என்று பார்ப்போம். 1995 முதல் உருவாகிவரும் மென்பொருள் அது. பார்வையற்றவர்கள், புள்ளிகள் எழுந்து அமிழும் பிரெயில் பலகையைக் கணினியில் இணைத்து, திரையில் இருப்பதை விரலால் படிக்க உதவுகிறது. பலகையைச் செருகியதும் தானாக இயங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். திரையைப் பார்க்க முடியாதவரிடம் 'அமைப்புகளுக்குப் போய்ச் சொடுக்குங்கள்' என்று சொல்ல முடியாது அல்லவா? அதனால் அதுவும் யூடெவுக்கு ஒரு விதிப்பட்டியல் கொடுத்து வைத்திருக்கிறது. இந்த எண் வந்தால் என்னைக் கூப்பிடு என்று. பிரெயில் பலகைகளில் ஒரு வகை, உள்ளே இதே சிஎச்340 சிப்பை வைத்திருக்கிறது. எனவே உபுண்டு 22.04-இல் வந்த பட்டியலில் 1ஏ86, 7523 என்ற வரியும் இருந்தது.

ஆக, கெர்னல் தவறு செய்யவில்லை. சரியான இயக்கியைத்தான் பொருத்தியது. அதற்கு மேலே இன்னொரு பட்டியல் இருந்தது, அது இரண்டாவதாக வந்து பறித்துக்கொண்டது. எண்ணைப் பார்த்து இயக்கி தேடும் முறையை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் பொருத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நடைமுறையில் தகராறு வருவது இந்த இரண்டாவது மாடியில்தான் என்பது என் அனுபவம்.

அந்தப் பட்டியலை எழுதியவர்களைக் குறை சொல்லவும் மனமில்லை. அதே பட்டியலில் வேறு சில வரிகள், எண்ணோடு சேர்த்துத் தயாரிப்பாளர் பெயரையும் பொருளின் பெயரையும் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்கின்றன. இந்தச் சிப்பில் அதற்கும் வழியில்லை. என் கேபிளில் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பொருளின் பெயர் 'யூஎஸ்பி சீரியல்'. பெயரைக் கேட்டால் 'மனிதன்' என்று பதில் சொல்வது போல.

கணினிக்குள்ளே செருகும் பிசிஐ அட்டைகளை வகுத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அங்கே சிப்பின் தயாரிப்பாளருக்கு ஓர் எண், அந்தச் சிப்பை வைத்து அட்டை செய்தவருக்குத் தனியாக ஒரு துணை எண். இன்டெல் நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட பிசிஐ எண் 8086. 1978-இல் வந்த அவர்களுடைய செயலியின் பெயர் அது. யூஎஸ்பியில் அந்தத் துணை எண்ணுக்கு இடமில்லை. நான் பார்த்தவரை இந்தக் கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எண்ணை மட்டுமே நம்புவதன் விளைவு வேறு விதமாகவும் தெரிந்திருக்கிறது. எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் சீரியல் சிப்புகளுக்கு, 0403, 6001 என்ற அதே எண்களைச் சொல்லும் போலிகள் சந்தையில் நிறைய. 2014-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் இயக்கி, போலிச் சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணையே 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. சிப்பு எரிந்துபோகவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை. எண் போனதால் எந்த இயக்கியும் சீண்டவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்புக் கிளம்பி, இயக்கியைத் திரும்பப் பெற்றார்கள். போலி என்று அறியாமல் வாங்கியவர் தலையில் இடி விழுந்தது என்பதால் எனக்கு அந்தச் செயலில் உடன்பாடில்லை.

தீர்வு எளிது. அந்த மென்பொருளையே நீக்கிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. என் கடையிலிருந்து போகும் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பிரதியைத்தான் ஏற்றுகிறேன். அவற்றில் ஏதாவது ஒன்றின் முன்னால் பிரெயில் பலகையோடு ஒருவர் உட்காரும்போது, ஒலியும் இல்லாமல் ஒளியும் இல்லாமல் அது வேலை செய்யாமல் போனால் அவர் யாரைக் கேட்பார்? விதிப்பட்டியல் கோப்பை அதே பெயரில் நிர்வாகியின் அடைவுக்கு நகலெடுத்தேன். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் யூடெவ் நிர்வாகியுடையதைத்தான் மதிக்கும். நகலில் அந்த ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு முடக்கினேன். கேபிளைக் கழற்றிச் செருகினேன். 10740 திரைக்கு வந்தது. மணி பதினொன்றரை.

என்ன கோளாறு என்று உரிமையாளர் கேட்டார். நம் மேடையைக் கண் தெரியாதவர்கள் படிக்கும் கருவி என்று நினைத்துவிட்டது அண்ணா என்றேன். அவர் சிரிக்கவில்லை. "முன்னால் மவுஸ் என்று நினைத்தது. இப்போது இதுவா?" என்றார்.

அவர் சொன்னது உண்மை, நான் மறந்திருந்தேன். பல வருடங்களுக்கு முன் அங்கே இருந்த விண்டோஸ் கணினியைத் திறந்தாலே மவுஸ் அம்பு திரை முழுவதும் பேய்பிடித்தது போல் குதிக்கும், மெனுக்கள் தானாகத் திறக்கும். சீரியல் துளையில் மவுஸ் மாட்டிய காலத்து வழக்கம் அது. கம்பிக்குப் பேர் சொல்லத் தெரியாது என்பதால், திறக்கும்போது துளையில் ஏதாவது எழுத்து வருகிறதா என்று விண்டோஸ் காதுகொடுத்துக் கேட்கும். வருவது மவுஸின் பேச்சு போலத் தோன்றினால் மவுஸ் என்று முடிவு கட்டிவிடும். எங்கள் பெட்டியோ ஓயாமல் எடை சொல்லிக்கொண்டே இருக்கும். சாதன மேலாளரில் அந்தப் பொய் மவுஸை முடக்கிய பிறகுதான் அடங்கியது.

24 கிலோ லாரி

மூன்று வாரம் கழித்து, கிரேடு எடை போட ஒரு சிறு மேசைத் தராசையும் இதே கணினியில் இணைத்தார்கள். அதே கடையில் அதே கேபிள் இன்னொன்று. முதல் மழையில் மின்சாரம் போய் வந்தது. அடுத்து வந்த லாரிக்குச் சீட்டில் 24 கிலோ 350 கிராம் என்று அச்சாகியிருந்தது. ஓட்டுநர் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த எடைக்கு டீசல் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டாராம்.

சீரியல் துளை 0, துளை 1 என்ற பெயர்கள் யார் முதலில் வருகிறாரோ அந்த வரிசையில் கிடைப்பவை. மறுபடி திறந்தபோது தராசு முந்திக்கொண்டது. இரட்டையர்களைப் பிரித்துச் சொல்ல வரிசை எண் ஒன்று இருந்தால் போதும். யூஎஸ்பி அதற்கு இடம் வைத்திருக்கிறது. இந்தக் கேபிள்களில் அதுவும் காலி. ஆகவே ஆளை விட்டுவிட்டு, உட்காரும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கத்தில் மேல் துளையில் இருப்பது மேடை, கீழ்த் துளையில் இருப்பது தராசு என்று யூடெவுக்கு இரண்டு விதி எழுதி, நிரலையும் அந்தப் பெயர்களைத் திறக்கும்படி மாற்றினேன். மேல் துளைக்கும் அதன் கேபிளுக்கும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு சொட்டு.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. மாங்காய்ப் பருவம் முடிந்து கிரானைட் லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. ஆயுத பூஜைக்கு மறுநாள் போன். "தம்பி, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டினோம். கல் வண்டி 6 கிலோ என்கிறது."

போய்ப் பார்த்தேன். கணினியின் பின்பக்கத்தில், வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தில் அச்சடித்தது போல ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. கடையிலிருந்து கொண்டுபோன எஃப்டிடிஐ கேபிளை மேடைக்கு மாட்டினேன். அதற்கு எண்ணும் வேறு, வரிசை எண்ணும் உண்டு. எந்தத் துளையில் செருகினாலும் மேடை மேடைதான் என்று விதியை மாற்றி எழுதிவிட்டு, அவர் கொடுத்த பொரியையும் கடலையையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.